களமும் கல்லாவும் – 9: ஏழு சொல்லுக்கு எத்தனை கோடி?

நிறவெறித் தென்னாப்பிரிக்காவைக் கிரிக்கெட் உலகம் 1970 முதல் 1991 வரை ஒதுக்கி வைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அன்று ஒதுக்கப்பட்ட நாட்டிடம் பெரிய சந்தை எதுவும் இல்லை. ஒதுக்க வேண்டிய நாடே கல்லாவை நிரப்பும் வாடிக்கையாளராக இருந்தால்?

2019 அக்டோபர் 4. மும்பை என்.எஸ்.சி.ஐ. உள்ளரங்கில் சாக்ரமெண்டோ கிங்ஸும் இண்டியானா பேஸர்ஸும் மோதின. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் இந்திய மண்ணில் நடத்திய முதல் ஆட்டம். கமிஷனர் ஆடம் சில்வரே நேரில் வந்திருந்தார். அடுத்த சில நாள்களில் டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் இரண்டு ஆட்டங்கள், ஷாங்காயிலும் ஷென்ஜெனிலும் ஒவ்வோர் ஆட்டம். ஒரே சுற்றில் ஆசியாவை வளைத்துப் போடும் திட்டம்.

அதே நாளில் ஹாங்காங் அரசு, காலனியக் காலத்து அவசரச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, போராட்டக்காரர்கள் முகமூடி அணியத் தடை போட்டது. நாடு கடத்தல் மசோதாவை எதிர்த்து ஜூன் மாதம் தொடங்கிய கிளர்ச்சி அப்போது உச்சத்தில் இருந்தது. அமெரிக்க நேரப்படி அன்றிரவு, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி ட்விட்டரில் ஒரு படம் போட்டார். சுதந்திரத்துக்காகப் போராடுங்கள், ஹாங்காங்குக்குத் துணை நில்லுங்கள் என்று சொன்ன அந்தப் படத்தில், ஆங்கிலத்தில் இருந்தவை ஏழே சொற்கள். கொஞ்ச நேரத்தில் அதை அவரே நீக்கியும் விட்டார். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

நாற்பது ஆண்டு முதலீடு

சீனாவில் என்.பி.ஏ. கால் ஊன்றியது திடீரென்று அல்ல. 1979-ல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அங்கே போய் ஆடியது. 1980-களின் கடைசியில், அன்றைய கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் சீன அரசுத் தொலைக்காட்சியான சி.சி.டி.வி.க்கு ஆட்டப் பதிவுகளை இலவசமாகவே கொடுத்தார். முதலில் ருசி காட்டுவோம், விலை பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற வியாபாரக் கணக்கு. 2002-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, 2.29 மீட்டர் உயர யாவ் மிங்கை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்ததும் கணக்கு பலித்தது. சீனாவின் பட்டிதொட்டியெங்கும் ராக்கெட்ஸ் சொந்த ஊர் அணி ஆயிற்று.

2008-ல் என்.பி.ஏ. சைனா என்று தனி நிறுவனமே பிறந்தது. அதன் 11 சதவீதப் பங்கை ஐந்து முதலீட்டாளர்கள் 25.3 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2019 ஜூலையில் டென்சென்ட் நிறுவனம் ஐந்தாண்டு இணைய ஒளிபரப்பு உரிமைக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் வந்து விழுந்தது மோரியின் ட்வீட்.

ஒரு வாரத்தில் நடந்தவை

ராக்கெட்ஸ் உறவை முதலில் முறித்தது சீனக் கூடைப்பந்து சங்கம். அதன் தலைவர் வேறு யாருமல்ல, யாவ் மிங். டென்சென்டும் சி.சி.டி.வி.யும் ராக்கெட்ஸ் ஆட்டங்களை நிறுத்தின. அலிபாபாவின் கடைத் தளங்களில் ராக்கெட்ஸ் பனியன்கள் மாயமாயின. ராக்கெட்ஸ் ஆட்டங்களைப் பார்க்கச் சந்தா கட்டியிருந்தவர்களிடம், வேறு அணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றது டென்சென்ட்.

மோரி எங்கள் சார்பில் பேசவில்லை என்று அவருடைய முதலாளி டில்மன் ஃபெர்டிட்டா கைகழுவினார். சீன ரசிகர்களின் மனம் புண்பட்டது வருந்தத்தக்கது என்று லீக் அறிக்கை விட்டது. இதைப் படித்து அமெரிக்காவே கொதித்தது. எதிலும் ஒத்துப்போகாத எதிரெதிர் அணி அரசியல்வாதிகளான டெட் குரூஸும் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸும் ஒரே கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 8-ல் சில்வர் சுருதியை மாற்றினார். வீரர்களும் ஊழியர்களும் உரிமையாளர்களும் என்ன பேசலாம், பேசக்கூடாது என்று லீக் கட்டுப்படுத்தாது என்றார். நாட்டின் இறையாண்மைக்குச் சவால் விடும் பேச்சு கருத்துச் சுதந்திரத்துக்குள் வராது என்று உடனே பதிலடி கொடுத்த சி.சி.டி.வி., சீனாவில் நடக்கவிருந்த ஆட்டங்களின் ஒளிபரப்பை ரத்து செய்தது. ஷாங்காயில் கட்டடங்களின் முகப்பில் தொங்கிய பிரம்மாண்ட விளம்பரத் தட்டிகளைத் தொழிலாளர்கள் இறக்கினார்கள். ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வீரர்களின் பத்திரிகையாளர் சந்திப்புகளும் இல்லை. ஆனால் அக்டோபர் 10 இரவு லேக்கர்ஸும் நெட்ஸும் களம் இறங்கியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. லெப்ரான் ஜேம்ஸ் பந்தைத் தொட்டபோதெல்லாம் ஆரவாரம். கோபம் அரசாங்கத்தின் கணக்கு. ஆட்டம் ரசிகனின் ஆசை. இரண்டும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதே நாளில் சைதாமாவில் நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான் என் கவனத்தைப் பிடித்தது. ஆட்டம் முடிந்து ராக்கெட்ஸ் நட்சத்திரங்கள் ஜேம்ஸ் ஹார்டனும் ரசல் வெஸ்ட்புரூக்கும் மேடையில் இருக்கிறார்கள். இந்த வாரம் நடந்ததையெல்லாம் பார்த்த பிறகு, இனிப் பொது விஷயங்களைப் பேசத் தயங்குவீர்களா என்று சி.என்.என். செய்தியாளர் கேட்கிறார். வீரர்கள் வாய் திறப்பதற்குள் அணியின் ஊடக அலுவலர் குறுக்கிடுகிறார்: கூடைப்பந்து பற்றிய கேள்விகள் மட்டும். பின்னர் லீக் மன்னிப்புக் கேட்டது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளூரில் புலி

இதே லீக் உள்ளூரில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். வட கரோலினா மாநிலம் 2016-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களில் திருநர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படியே கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும் என்றது அது. அதை எதிர்த்து, சார்லட் நகரில் நடக்க வேண்டிய 2017 ஆல்-ஸ்டார் ஆட்டத்தையே சில்வர் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றினார். நல்ல முடிவு. ஆனால் ஊர் மாறினாலும் டிக்கெட் விற்கும், ஒளிபரப்பும் நிற்காது.

சின்ஜியாங்கில் நடந்தது வேறு. 2016-ல் லீக் சீனாவில் திறந்த மூன்று பயிற்சி மையங்களில் ஒன்று, சின்ஜியாங்கின் தலைநகர் உரும்ச்சியில் இருந்தது. உய்குர் முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்த காலத்திலும் அது இயங்கியது. 2019-ல் சத்தமில்லாமல் உறவை முறித்துக்கொண்ட லீக், அதை வெளிப்படையாகச் சொன்னது 2020 ஜூலையில், அமெரிக்க செனட்டர் ஒருவர் எழுதிக் கேட்ட பிறகு. அங்கே கண்டன அறிக்கையும் இல்லை, ஊர் மாற்றமும் இல்லை.

மௌனம் எப்படி உற்பத்தியாகிறது?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோரியை வேலையை விட்டு நீக்கச் சீனத் தரப்பு கேட்டதாகவும், அதற்கு வாய்ப்பே இல்லை என்று மறுத்ததாகவும் சில்வர் சொன்னார். அப்படிக் கேட்கவே இல்லை என்றது சீனா. எப்படியோ, மோரியின் வேலை தப்பியது. லீக்குக்கு நஷ்டம் 40 கோடி டாலருக்குள் இருக்கும் என்று 2020 பிப்ரவரியில் சில்வர் கணக்குச் சொன்னார்.

அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது? என்.பி.ஏ.வின் கூடைப்பந்து வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறது. ஓர் அணி சம்பளத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற உச்சவரம்பும் அந்த வருமானத்தை வைத்தே முடிவாகிறது. ஆக, சீனப் பணம் குறைந்தால் வீரர்களின் பையிலும் குறையும். அதோடு, நைக்கி நிறுவனத்துடன் லெப்ரானுக்கு வாழ்நாள் ஒப்பந்தம். கிளே தாம்சனின் காலணி சீனாவின் ஆன்டா. நிறவெறிக்கும் போலீஸ் அராஜகத்துக்கும் எதிராகத் துணிந்து பேசிய லெப்ரான், மோரிக்கு விஷயம் சரியாகத் தெரியவில்லை என்றார். மறுநாள் ஹாங்காங்கில் அவருடைய பெயர் பொறித்த பனியன்களைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்.

யாருக்கும் வாய்ப்பூட்டு போடவில்லை என்று லீக் சொல்வது உண்மைதான். போட வேண்டிய தேவையே எழவில்லை. 2021 அக்டோபரில் பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் எனெஸ் கான்டர் திபெத்துக்காகக் குரல் கொடுத்து ஷி ஜின்பிங்கைச் சர்வாதிகாரி என்றபோது, டென்சென்ட் செல்டிக்ஸ் ஆட்டங்களை நிறுத்தியது. ஒருவர் பேசினால் அணி முழுவதற்கும் அடி என்ற பாடத்தை எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

எதிர்த்து நின்றவர்கள்

பணத்தைத் தூக்கி எறிந்த ஓர் அமைப்பும் உண்டு. 2021 நவம்பர் 2-ல் சீன டென்னிஸ் வீராங்கனை பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் ஜாங் காவ்லி தன்னைப் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்தியதாக வெய்போ தளத்தில் எழுதினார். அரை மணி நேரத்தில் பதிவு காணாமல் போனது. கொஞ்ச நாள் அவரும்தான். மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ., டிசம்பர் 1-ல் ஹாங்காங் உட்படச் சீனாவின் எல்லாப் போட்டிகளையும் நிறுத்தி வைத்தது. முறையான விசாரணை வேண்டும், அவரைத் தடையின்றிச் சந்திக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

விட்டுக்கொடுத்தது சின்னத் தொகை அல்ல. 2019-ல் சீனாவில் ஒன்பது போட்டிகள். ஷென்ஜெனில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியின் பரிசுத் தொகை மட்டும் 1.4 கோடி டாலர். வென்ற ஆஷ்லி பார்ட்டிக்கு 44.2 லட்சம் டாலர். இடம் மாறி 2022-ல் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த அதே போட்டியின் மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர். ஆண்கள் சங்கமான ஏ.டி.பி. கவலை தெரிவித்ததோடு நின்றுகொண்டது, போட்டிகளை நிறுத்தவில்லை. 16 மாதம் கழித்து, 2023 ஏப்ரலில் டபிள்யூ.டி.ஏ. திரும்பப் போகிறோம் என்றது. நிபந்தனைகள் முழுமையாக நிறைவேறப் போவதில்லை, விலை கொடுப்பது நம் வீராங்கனைகள்தான் என்ற ஒப்புதலோடு. 2024 முதல் ஆண்டிறுதிப் போட்டி ரியாத்துக்குப் போனது.

இந்த இரண்டு கதைகளையும் வீரம், கோழைத்தனம் என்று பிரித்து வைப்பது சுலபம். எனக்குத் தோன்றுவது வேறு. கொள்கைக்கு விலை உண்டு. அதைத் தனியாக ஒருவரே கட்டினால் ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்காது. டபிள்யூ.டி.ஏ. கைவிட்டதைப் பக்கத்து வீட்டு ஏ.டி.பி.யும் கைவிட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம். தென்னாப்பிரிக்கா விஷயத்தில் நடந்தது அதுதான். வாரியங்களும் அரசுகளும் சேர்ந்து நின்றன. 1974 டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு வந்த இந்தியா, எதிரே தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள். முடிவு டில்லியுடையது, இழப்பு அவர்களுடையது. ஆனாலும் அந்த இழப்பில் அவர்கள் தனியாக இல்லை. மற்ற நாடுகளும் அதே பக்கம் நின்றதால் அதற்கு ஓர் அர்த்தம் கிடைத்தது.

என்.பி.ஏ. 2025 அக்டோபரில் சீன மண்ணுக்குத் திரும்பியது. மக்காவ் வெனீஷியன் அரங்கில் நெட்ஸும் சன்ஸும் இரண்டு முறை மோதின. நெட்ஸின் உரிமையாளர் அலிபாபாவின் ஜோ சாய். அரங்கம் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் குழுமத்துடையது. டல்லாஸ் மாவரிக்ஸ் அணியைக் கையில் வைத்திருப்பதும், சாண்ட்ஸில் பெரும்பங்கு வைத்திருப்பதும் ஒரே குடும்பம். ஒப்பந்தம் போடும்போதே, எங்கள் ஆள் வாய் திறந்தால் ஒளிபரப்பை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கேட்கத்தக்க இடத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். பணம் கைமாறிய பிறகு கொள்கை பேசினால் அதற்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. கையெழுத்துக்கு முந்தைய நாள்தான் அதற்கு மதிப்பு.

அடுத்த வாரம்: வாடிக்கையாளராக இருந்த நாடே முதலாளி ஆனால்? சவூதி அரேபியாவும் கோல்ஃப் மைதானங்களும்.

(தொடரும்)