ஐந்து கிலோ மானுக்கும் பெர்மிட் வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்கு வேட்டைக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எருமைக்கோ குடு மானுக்கோ என்று பத்து நாள் பயணம். நினைத்தது கிடைத்துவிடும். கடைசி நாள் மாலை, வண்டி பண்ணை வீட்டுக்குத் திரும்பும் வழியில், புதர் ஓரமாக ஒரு சின்ன மான் நிற்கும். "டைக்கர்தான், சுடுங்க" என்பார் பக்கத்தில் இருப்பவர். சுட்டுவிடுவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் செம்பழுப்பு முதுகில் நரை விழுந்ததுபோல வெள்ளை முடிகள் ஊடும் பாவுமாக இருக்கும். அது டைக்கர் அல்ல, கேப் க்ரைஸ்பாக். கையில் உள்ள பெர்மிட்டில் அந்தப் பெயரே இல்லை.

"பரவாயில்லை, நாளைக்கு ஆபீசில் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளலாம்" என்று அடுத்து ஒரு பேச்சு வரும். தவறு, குற்றமாக மாறுவது அந்த இடத்தில்தான். சுட்ட பிறகு வாங்குகிற பெர்மிட் என்று ஒன்று கிடையாது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிவிட்டோம். தெற்கு ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே நாடுகளில் அனுமதியோடு செய்யும் வேட்டை சட்டபூர்வமான தொழில். கென்யாவில் 1977 முதல் தடை. அங்கே சாலையோரம் டிக்-டிக் மான் எத்தனை நின்றாலும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆகவே "ஆப்பிரிக்காவில் வேட்டையாடலாம்" என்ற வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. எந்த நாடு, எந்த மாகாணம், எந்தப் பண்ணை, எந்த இனம், எத்தனை, எந்தத் தேதியில் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

குட்டி மான்களுக்கு இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. சிங்கம், காண்டாமிருகம் என்றால் பத்து முறை சரிபார்க்கிறவர்கள், ஐந்து கிலோ மான் என்றதும் அசட்டையாகிவிடுகிறார்கள். வேட்டை நிறுவனங்கள் 'டைனி டென்' என்று பெயர் சூட்டி விற்கும் பத்து இனங்களின் பட்டியலும் இந்த அசட்டையை வளர்க்கிறது. நீல டைக்கர், சிவப்பு டைக்கர், சாதாரண டைக்கர், ஸ்டீன்பாக், கேப் க்ரைஸ்பாக், ஷார்ப் க்ரைஸ்பாக், கிளிப்ஸ்பிரிங்கர், ஒரிபி, சூனி, டமாரா டிக்-டிக் ஆகியவை அந்தப் பத்து. ஒரே பட்டியலில் இருப்பதால் ஒரே விதி என்று நினைத்துவிடுகிறார்கள். 2007-இல் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்த, அங்கே எல்லோரும் 'டாப்ஸ்' என்று சொல்லும் அழிவபாய இனங்களுக்கான விதிகளில், ஒரிபி அழியும் நிலையில் உள்ள இனம். நீல டைக்கரும் சூனியும் அழிவை நெருங்கக்கூடிய இனங்கள். டமாரா டிக்-டிக் தென்னாப்பிரிக்க மானே அல்ல, நமீபியாவுக்குப் போக வேண்டும். அங்கே சட்டம் தனி, அமைச்சகம் தனி, பெர்மிட்டும் தனி.

டாப்ஸ் பட்டியலில் உள்ள விலங்கை அனுமதியின்றிச் சுட்டால், பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்கலாம், பத்து ஆண்டு வரை சிறையில் தள்ளலாம், இரண்டையும் சேர்த்தும் தரலாம். மானின் எடையைப் பார்த்துத் தண்டனை குறைவதில்லை.

எனவே முதல் வேலை, எது எந்த மான் என்று கற்றுக்கொள்வது. சாதாரண டைக்கருக்கு உச்சந்தலையில் குடுமிபோல ஒரு முடிக்கற்றை. மூக்கின் மேல் கருங்கோடு. மிரண்டால் தலையைத் தாழ்த்தி, புதருக்குள் முங்கி ஓடும். டைக்கர் என்றாலே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் முக்குளிப்பது என்றுதான் பொருள். ஸ்டீன்பாக்குக்குக் குடுமி கிடையாது. செங்கல் நிறம், அகன்ற காது, காதின் உட்புறம் இலை நரம்புபோலக் கோடுகள். ஒரிபி புதரில் ஒளியாது, திறந்த புல்வெளியில் நிற்கும். காதுக்குக் கீழே முடியற்ற கறுப்பு வட்டம் ஒன்று தெரியும், வால் நுனி கறுப்பு. க்ரைஸ்பாக்கின் அடையாளம் அந்த வெள்ளை முடிகள்தான். ஆனால் அது பெரும்பாலும் இரவில் மேயும் மான், அந்தி வெளிச்சத்தில் அந்த முடிகள் தெரியவே தெரியாது. அந்தி வெளிச்சத்தில் இனம் தெரியாவிட்டால் சுடக் கூடாது. இதைவிட எளிமையாகச் சொல்ல வழியில்லை.

ஆணா பெண்ணா என்பதிலும் இதே கவனம் வேண்டும். ஸ்டீன்பாக், ஒரிபி இனங்களில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. நீல டைக்கரிலும் சிவப்பு டைக்கரிலும் இரண்டுக்கும் கொம்பு உண்டு. நீல டைக்கரின் கொம்போ விரற்கடை நீளம், குடுமிக்குள் மறைந்துகிடக்கும். நீல டைக்கர், டிக்-டிக், கிளிப்ஸ்பிரிங்கர் எல்லாம் ஜோடியாக, ஒரே இடத்தைப் பிடித்து வாழ்பவை. ஒன்றைச் சுட்டால் அந்த ஜோடி போயிற்று.

இனி காகிதங்கள். தென்னாப்பிரிக்காவில் வேட்டை அனுமதி மாகாணங்களின் கையில் இருக்கிறது. குவாசுலு-நட்டாலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் குயின் எலிசபெத் பார்க்கில் உள்ள எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பு, வெஸ்டர்ன் கேப்பில் கேப்நேச்சர், ஈஸ்டர்ன் கேப்பிலும் லிம்போபோவிலும் மாகாணச் சுற்றுச்சூழல் துறைகள். ஒரு மாகாணத்தின் காகிதம் அடுத்த மாகாணத்தில் செல்லாது. வெளிநாட்டவர் தனியாக வேட்டையாட முடியாது; உரிமம் பெற்ற ஏற்பாட்டாளர் ஒருவரும், கூடவே வர உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவரும் வேண்டும். அந்த இருவரின் உரிமமும் வேட்டை நடக்கும் அதே மாகாணத்துக்கு உரியதா என்று பாருங்கள். நகல் கேட்டால் முகம் சுளிக்கிறவரோடு போகாதீர்கள்.

வேட்டைக்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் ஒவ்வொரு இனமும் தனித்தனியாக, எண்ணிக்கையோடும் விலையோடும் இருக்கட்டும். "இதர சிறு மான்கள்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அடுத்து நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம். அவர் பெயர், பண்ணையின் பெயர், வேட்டைக்காரரின் பெயர், இனம், எண்ணிக்கை, தேதி எல்லாம் அதில் வேண்டும். அது பண்ணை வீட்டு மேசையில் கிடந்தால் பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேலி போட்ட பண்ணைகளில் மாகாண அரசு தரும் சான்றிதழ் ஒன்று உண்டு. 1991-ஆம் ஆண்டின் வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டப்படி அது மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதியான சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். தேதியைப் படியுங்கள். டாப்ஸ் இனம் என்றால் இவற்றுக்கு மேல் அந்த இனத்தின் பெயர் எழுதிய டாப்ஸ் பெர்மிட் தனியாக வேண்டும். விளக்கு அடித்துச் சுடுவது, நாய் விட்டு விரட்டுவது, எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் அந்த பெர்மிட்டின் நிபந்தனைகளில் அடங்கும். "இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பது நிபந்தனை ஆகாது.

வேட்டை முடிந்ததும் ஒரு பதிவேட்டில் கையெழுத்து கேட்பார்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடக் கூடாது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த வெற்று வரியில் பிறகு எந்த மான் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் காகிதங்கள் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட வழக்கை நினைத்துப் பார்க்கலாம். உலகமே அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவரைத் திட்டித் தீர்த்தது. அந்த நிலத்தில் சிங்கம் சுட ஒதுக்கீடு இருந்ததா என்பதே சர்ச்சை. ஆனால் அவருடைய காகிதங்கள் சரியாக இருந்தன, வழக்கில்லை என்று அந்த நாட்டு அமைச்சரே அக்டோபரில் அறிவித்தார். கூட வந்த தொழில்முறை வேட்டைக்காரர் மீதுதான் வழக்கு பாய்ந்தது. 2016-இல் நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. செய்தது சரியா என்பது வேறு விவாதம். அதிகாரி முன்னால் நிற்கும்போது பேசுவது காகிதம் மட்டுமே.

தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர்கள் 'எஸ்ஏபிஎஸ் 520' என்ற போலீஸ் படிவத்தை நிரப்ப வேண்டும். கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். கையெழுத்து மட்டும் போடாமல் விட்டு, விமான நிலையத்தில் போலீஸ்காரர் கண்ணெதிரே போட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து, ஜொஹானஸ்பர்க்கில் மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த விமானம் காத்திருக்காது. உரிமைச் சான்று, ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் கூடவே இருக்கட்டும். படிவத்தில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பண்ணையில் வாடகைக்கு வாங்கிச் சுடுவது எவ்வளவோ எளிது.

எருமைக்கான தோட்டாவால் ஐந்து கிலோ மானைச் சுட்டால் தோலும் மிஞ்சாது, கறியும் மிஞ்சாது. அனுபவசாலிகள் உடைந்து விரியாத கெட்டித் தோட்டாவைச் சொல்வது அதனால்தான். அதே சமயம் மிகச் சின்னத் தோட்டாவும் கூடாது: நமீபியாவில் டைக்கர் அளவு மானுக்கே தோட்டாவின் ஆற்றல் குறைந்தது 1350 ஜூல் இருக்க வேண்டும் என்று விதி. கிளிப்ஸ்பிரிங்கரில் இன்னொரு சிக்கல். குளம்பின் நுனியில் பாறை மேல் நிற்கும் அந்த மானின் முடி உள்ளே கூடான, எளிதில் ஒடியும் முடி. பாறையில் ஒரு முறை இழுத்தால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அடியில் வெறும் தோல் வெளுப்பாகத் தெரியும். பாடம் செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த முடியைத் திரும்ப நட முடியாது. இழுக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

தவறான இனத்தைச் சுட்டுவிட்டால்? மறைக்காதீர்கள். புதைக்காதீர்கள். பதிவேட்டில் வேறு பெயர் எழுத வேண்டாம். எழுதச் சொல்கிறவர் உங்களையும் குற்றத்தில் சேர்க்கிறார். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, ஏற்பாட்டாளர் மூலம் அன்றே மாகாண அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தானாக முன்வந்து சொன்ன தவறும், விமான நிலையத்தில் பிடிபட்ட பொய்யும் ஒன்றல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. குவாசுலு-நட்டால் புல்வெளிகளில் ஒரிபியைக் குறைப்பதில் பெர்மிட் இல்லாதவர்களுக்கும் பங்குண்டு. கூட்டமாக நாய்களை விட்டுப் பந்தயம் கட்டி விரட்டுகிறவர்கள் அவர்கள். அங்கே பண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிப் புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "ஒரு சின்ன மான்தானே" என்று புகாரை வாங்காமல் அனுப்பிவிடுவது உண்டு. இது வேலையைத் தட்டிக்கழிப்பது அன்றி வேறில்லை. வழக்கு எண் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். கால்நடைத் திருட்டு மற்றும் அழிவபாய இனப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுற்றுச்சூழல் குற்றங்களுக்கான இலவச எண் 0800 205 005. சடலத்தைத் தொடாமல் படம், இடம், நேரம், வண்டி எண் குறித்து வையுங்கள். நாய்க்காரர்களை நேரில் தடுக்கப் போக வேண்டாம், அவர்கள் கையில் ஆயுதம் இருக்கலாம்.

மத்திய ஆப்பிரிக்காவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காபோனிலும் காங்கோவிலும் 2001 முதல் 2003 வரை எபோலா பரவியபோது, காட்டில் செத்துக் கிடந்த குரங்கினங்களையும் டைக்கர்களையும் கையாண்டவர்களிடம் நோய் தொற்றியது. தானாகச் செத்துக் கிடக்கும் மானைத் தொடாதீர்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுவருவது. டைனி டென் பத்தில் நீல டைக்கர், சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதன் கொம்போ தோலோ நாட்டை விட்டு வெளியேற ஏற்றுமதி பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. பாடம் செய்து முடிக்க ஒரு வருடம்கூட ஆகலாம். வேட்டை முடிந்த கையோடு பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தால், மான் தயாராகும்போது பெர்மிட் செத்திருக்கும். பொருள் தயாரான பிறகே விண்ணப்பியுங்கள். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் சென்னையில் உள்ள வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் மண்டல அலுவலகத்திலும் சுங்கத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "சரி, கொண்டு வாங்க" என்று யாராவது சொன்னால் அதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் பெர்மிட்டின் நகலைக் கேளுங்கள். அதில் நீங்கள் சுடப்போகும் மானின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.