தலைக்கு மேலே ஒரு கடல்

செவ்வாய்க் கோளின் மேல் நீண்ட கோடுகள் ஓடுவதாக 1877இல் வரைந்து காட்டி உலகைப் பரபரப்பில் ஆழ்த்தியவர் இத்தாலிய வானியலாளர் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி. மிலான் நகரின் பிரேரா வானாய்வகத்தை நெடுங்காலம் நடத்தியவர். பார்வை மங்கி ஓய்வு பெற்ற பிறகு, 1903இல், பழைய ஏற்பாட்டில் உள்ள வானியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு படம் இருக்கிறது. எபிரேய வேதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் குறிப்புகளைத் திரட்டி, பழைய இஸ்ரவேலர் மனத்தில் இருந்த பிரபஞ்சத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல வரைந்திருந்தார்.

நடுவே நிலம். அதன் அடித்தளம் ஆழத்துத் தண்ணீரில் இறங்கி நிற்கிறது. நிலத்துக்கு அடியில் பாதாளம். நல்லவர் கெட்டவர் என்ற பேதமில்லாமல் இறந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேரும் இருட்டு. நிலத்தின் மேல், கவிழ்த்து வைத்த பாத்திரம்போல ஆகாயவிரிவு. இது நாம் நினைக்கும் வெட்டவெளி அல்ல, கெட்டியான ஒன்று. யோபு நூலில் பேசும் எலிகூ அதை உலோகத்தில் வார்த்த கண்ணாடிக்கு ஒப்பிடுகிறான். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில் அது பளிங்காக ஒளிர்கிறது. சூரியன், சந்திரன், விண்மீன்கள் எல்லாம் அந்த விரிவில் வைக்கப்பட்டவை. அதற்கும் மேலே இருப்பது தண்ணீர். நம் தலைக்கு மேலே ஒரு முழுக் கடல்.

இதைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் யூதேயா மலைநாட்டில் ஒரு விவசாயியாக நின்று பார்த்தால், இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம். வானம் நீலமாக இருக்கிறது, கடலும் நீலமாக இருக்கிறது. கோடை முழுவதும் ஒரு சொட்டு விழுவதில்லை. ஐப்பசி வாக்கில் திடீரென்று மேலிருந்து கொட்டுகிறது. அவ்வளவு தண்ணீர் அங்கே எங்கோ இருந்துதானே ஆக வேண்டும்? இருந்தும் தினமும் விழாமல் இருக்கிறது என்றால், ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவ்வப்போது விழுகிறது என்றால், அந்தத் தாங்குதளத்தில் மதகுகள் இருக்க வேண்டும். கீழேயும் அப்படித்தான். மழையே இல்லாத மாதங்களிலும் எருசலேமின் கீகோன் ஊற்று பொங்கிக்கொண்டிருந்தது. நிலத்துக்கு அடியிலும் ஒரு கடல் இல்லாவிட்டால் அது எப்படி முடியும்? கண்ணால் கண்டதிலிருந்து படிப்படியாக எட்டிய முடிவு இது. மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் பார்வை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. எல்லா ஆறுகளும் கடலில் போய் விழுந்தும் கடல் ஏன் நிரம்புவதில்லை என்று பிரசங்கி நூல் வியக்கிறது. கடல் தண்ணீரைக் கூப்பிட்டு எடுத்து நிலத்தின் மேல் ஊற்றுபவர் கடவுள் என்கிறது ஆமோஸ் நூல். மேகத்தையும் கடலையும் இணைத்துப் பார்க்கும் எண்ணம், மதகுகளைப் பற்றிய எண்ணத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது.

இப்படிப்பட்ட உலகில் வெள்ளம் என்பதற்குப் பொருளே வேறு. ஆதியாகமத்தின் படைப்புக் கதையில் முதலில் இருப்பது இருளும் ஆழமான நீரும்தான். இரண்டாம் நாளில் நீர் மேலும் கீழுமாகப் பிரிக்கப்படுகிறது. மூன்றாம் நாளில் கீழ்நீர் ஒதுங்கி நிலம் தலைகாட்டுகிறது. நோவா காலத்தில் மேலே மதகுகள் திறக்கின்றன, அதே நாளில் கீழே ஆழத்து ஊற்றுகள் பிளக்கின்றன. வெறும் பெருமழையாக இது சொல்லப்படவில்லை. பிரித்து வைத்த இரண்டு நீரும் மறுபடி ஒன்றாகின்றன. படைப்பே பின்னோக்கி நகர்கிறது. மனிதர் வாழும் இடம் இரண்டு கடல்களுக்கு நடுவே திறந்து பிடித்திருக்கும் சிறு இடைவெளி என்ற உணர்வு அந்த நூல்கள் முழுவதும் ஓடுகிறது. கடலுக்கு மணலை எல்லையாக வைத்ததைப் பற்றி எரேமியா பேசும்போது அதில் இருப்பது இந்த நடுக்கமும் நன்றியும்தான்.

படத்தின் பெரும்பகுதி இஸ்ரவேலர் கண்டுபிடித்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எகிப்தியர் வான்தேவதை நூத் நிலத்தின் மேல் வளைந்து நிற்பதாக வரைந்தார்கள். பாபிலோனியரின் படைப்புக் காவியமான எனூமா எலிஷ், மர்தூக் என்ற தேவன் தியாமத் என்ற கடல்தேவியைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானக் கூரையாக்கி, அதன் நீர் வழிந்துவிடாமல் காவலும் வைத்ததாகச் சொல்கிறது. களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அந்தக் காவியத்தை ஆங்கிலேய ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்மித் 1876இல் மொழிபெயர்த்து வெளியிட்டபோது, ஆதியாகமத்தோடு அதற்கு இருந்த நெருக்கம் ஐரோப்பாவைத் திகைக்க வைத்தது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் இந்தக் கதைகளைக் கேட்டிருப்பார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அந்தக் காலத்தையோ அதை அடுத்த காலத்தையோ சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கட்டடம் எல்லாருக்கும் பொது. ஆனால் அதில் குடியிருந்தவர்களை இஸ்ரவேலர் வெளியேற்றினார்கள். ஆதியாகமத்தில் போர் இல்லை, பிளக்கப்பட்ட உடல் இல்லை. ஆழ்கடல் வெறும் தண்ணீர். சூரியனும் சந்திரனும் பாபிலோனில் பெருந்தெய்வங்கள். இங்கே பெயர்கூடச் சொல்லப்படாத இரண்டு விளக்குகள், அதுவும் நான்காம் நாளில் வருபவை. இது சுலபமாக நடந்துவிடவில்லை. எருசலேம் ஆலய வாசலிலேயே சூரியனுக்கென்று குதிரைகள் நிறுத்தப்பட்டிருந்ததையும், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் யோசியா மன்னன் அவற்றை அகற்றி, சூரியனின் ரதங்களைக் கொளுத்தியதையும் இராஜாக்களின் புத்தகம் பதிந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் இன்று இதை எப்படி வாசிப்பது? பழைய நூலில் புதிய அறிவியலைத் தோண்டி எடுக்கும் ஆர்வம் எல்லா மதங்களிலும் உண்டு. கடவுள் பூமியை வெறுமையின் மேல் தொங்கவிட்டார் என்ற பொருளில் யோபு நூலின் 26ஆம் அதிகாரத்தில் வரும் வரியைக் காட்டி, விண்வெளியில் மிதக்கும் பூமியை அன்றே சொன்னார்கள் என்பார்கள். அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில் பூமிக்குத் தூண்கள் இருக்கின்றன, அவை அதிர்கின்றன. 26ஆம் அதிகாரத்திலேயே, சில வரிகள் தள்ளி, வானத்துக்கும் தூண்கள் உண்டு. ஒரு வரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது அந்தக் கவிஞனுக்குச் செய்யும் அவமரியாதை. அவன் தன் காலத்தின் வானத்தைப் பாடினான். நம் காலத்தின் வானம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

1968 டிசம்பர் 24ஆம் நாள், நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்போலோ 8 கலத்திலிருந்து மூன்று விண்வெளி வீரர்கள் ஆதியாகமத்தின் முதல் பத்து வசனங்களை மாறி மாறி வாசித்தார்கள். பூமியில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். மேல்நீரையும் கீழ்நீரையும் பிரிக்கும் ஆகாயவிரிவைச் சொல்லும் பகுதி ஜிம் லவல் பங்குக்கு வந்தது. எந்தக் கூரையிலும் முட்டாமல் மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோன ஒருவர் அந்த வரிகளை வாசித்தார், அவை பொருளிழந்துவிடவில்லை. வரைபடம் காலாவதியான பின்னும் வியப்பு மிஞ்சியிருந்தது.

காலாவதியானதை ஒப்புக்கொள்ளும் துணிவும் யூத மரபுக்குள்ளேயே இருந்தது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூத்தின் பெசாகிம் பகுதியில் ஒரு விவாதம் வருகிறது. இரவில் சூரியன் எங்கே போகிறது? ஆகாயவிரிவுக்கு மேலே ஏறி, அதன் முதுகுப்புறமாகத் திரும்பிப் போகிறது என்றார்கள் இஸ்ரவேலின் அறிஞர்கள். பூமிக்குக் கீழே போகிறது என்றார்கள் பிற நாட்டு அறிஞர்கள். மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பை ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுத்த யெகூதா ஹநாசி, தம் மக்களின் தலைவர், பிறர் சொல்வதே சரியாகத் தோன்றுகிறது என்றார். அதற்கு ஆதாரமும் காட்டினார்: ஊற்றுநீர் பகலில் குளிர்ந்திருக்கிறது, இரவில் சூடாக இருக்கிறது. கீழே போகும் சூரியன் அதைச் சூடாக்குகிறது போலும்.

அந்த ஆதாரம் பிழையானது. நிலத்தடி நீரின் வெப்பநிலை இரவு பகல் என்று மாறுவதில்லை. இரவில் காற்று குளிர்ந்துவிடுவதால் அதே நீர் நம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது. ஆனாலும் தன் பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது என்று தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாரே, அது அறிவியலின் வழி. பின்னாளில் எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. இஸ்ரவேல் அறிஞர்கள் சொன்னதே சரி என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில், எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் அந்த விவாதத்தை எடுத்துக் காட்டி, வானியலில் முன்னோர் பேசியது அவர்கள் காலத்து அறிவை வைத்துத்தான், இறைவாக்கினரிடமிருந்து வழிவழியாக வந்ததல்ல என்று எழுதினார். அவர் நம்பிய வானியலோ, பூமியை நடுவில் வைத்த கிரேக்க வானியல். அதுவும் நான்கு நூற்றாண்டுகளுக்குள் ஆட்டங்கண்டது. தல்மூத் பயிலும் மாணவர்கள் இன்றும் பெசாகிம் 94ஆம் ஏட்டுக்கு வந்து சேரும்போது, தங்கள் அறிஞர்கள் தோற்ற அந்த வாதத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள்.