புல்லட் குழாயில் நீலக்கறை: ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுக்கலாமா?

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஓய்வு இராது. மார்ச் வரை வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் வந்து தங்குவார்கள். அவர்களில் பலர் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து ஓட்டுகிறார்கள். புல்லட் என்றால் அவர்களுக்குத் தனிப் பிரியம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்ததும், "சைலன்சர் குழாய் நீலமாகிவிட்டது, துடைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டு வருவது மெக்கானிக் கடைக்கு அல்ல, பக்கத்திலிருக்கும் மளிகைக் கடைக்குத்தான். உள்ளூர்க்காரர்களும் இதையே கேட்கிறார்கள். நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாமே செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். தினமும் காலையில் நம் கடைக்கு வரும் ஒருவர், அப்பா ஓட்டிய பழைய புல்லட்டை வைத்திருந்தார். குழாயில் கறை என்றதும், "கக்கூஸ் கறையே போகிறது, இது போகாதா?" என்று ஆசிட் பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியதாம். நீலம் போனது உண்மை. அதோடு பளபளப்பும் போய்ச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. அடுத்த மழைக்குத் துரு பிடித்தது. அவர் நம்மிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஏன் அப்படி ஆயிற்று என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். குழாயில் பளபளப்பது முழுக்கக் குரோமியம் அல்ல. இரும்புக் குழாய்மேல் முதலில் நிக்கல் முலாம் ஏற்றி, அதன்மேல் மெல்லிசாகக் குரோமியம் பூசுகிறார்கள். அந்தக் குரோமியத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கழிவறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியத்தைக் கரைத்தெடுக்க முலாம் போடும் பட்டறைக்காரர்களே பயன்படுத்தும் அமிலம் அது. கறையைப் போக்க என்று நாம் கொடுத்தது, முலாத்தையே உரிக்கும் சரக்கு.

இனி நீலம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கொல்லர் உலையில் அரிவாளைத் துவைச்சல் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பு சுமார் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கோல் நிறம் காட்டும். பிறகு பழுப்பு, ஊதா என்று ஏறி, 300 டிகிரியை ஒட்டி நீலமாகும். அது சாயம் அல்ல, அழுக்கும் அல்ல. சூட்டில் உலோகத்தின் மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. மழைத் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வானவில் நிறம் காட்டுமே, அதே போல அந்தப் படலத்தில் ஒளி பட்டு நிறம் தெரிகிறது. குரோம் குழாயிலும் இதே கதைதான். எஞ்சினைவிட்டு வெளிவரும் வளைவில், அதாவது பெண்ட் பைப்பில், சூடு மிக அதிகம். ஆகவே அங்கேதான் முதலில் நிறம் மாறும்.

வளைவில் இலேசான மஞ்சள் எந்த வண்டிக்கும் வரும். அதற்குக் கவலை வேண்டாம். கருநீலம் வந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போவது ஒரு காரணம். கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு இருந்தாலும், அதை எஞ்சினோடு இணைக்கும் இடத்தில் காற்று கசிந்தாலும் இது நேரும். பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் தீப்பொறி தாமதமாக விழுந்தால், நெருப்பு குழாய்வரை எரிந்துகொண்டே வரும். ஸ்டாண்டில் நிறுத்தி வெகுநேரம் ஓடவிடுவதும், கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து போவதும் அப்படித்தான். காற்றுப் படாமல் எஞ்சின் வேகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பழுப்பாயிருந்தால் சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கும் புல்லட்டுகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைக் கருவியே அளந்து தெளிக்கிறது. அவற்றில் கருநீலம் வந்தால் கம்பெனிப் பட்டறையில்தான் காட்ட வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்யாமல் துடைத்தால் நாலு நாளில் நீலம் திரும்பி வந்துவிடும். இதை வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நம் சரக்கு மட்டம் என்றுதான் பேர் வரும்.

துடைக்கும் முறை கடினமானது அல்ல. குழாய் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் தொட்டால் கை வேகும். குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகத்துக்கும் ஆகாது. முதலில் சோப்புத்தூள் கரைத்த நீரில் மெல்லிய துணியை நனைத்துத் தூசி, எண்ணெய் போகக் கழுவி உலர்த்த வேண்டும். பாதி நிறம் வெறும் எண்ணெய்ப் புகைதான் என்பது அப்போது தெரியும். பிளாஸ்டிக் பையோ மழைக்கோட்டோ உருகி ஒட்டியிருந்தால், எஞ்சினைச் சிறிது ஓட்டி, குழாய் வெதுவெதுப்பானதும் நிறுத்திவிட்டு, மரக்குச்சியால் சுரண்டினால் இளகி வரும். கத்தி கூடாது.

எஞ்சி நிற்கும் நீலத்துக்குப் பித்தளை, வெள்ளிக்குப் போடும் மெட்டல் பாலிஷ் அல்லது குரோம் பாலிஷ் போதும். பஞ்சில் கொஞ்சமாக எடுத்து, சிறு வட்டமாகத் தேய்த்து, உலர்ந்ததும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். அதிலுள்ள மிக மெல்லிய தூள்தான் ஆக்சைடு படலத்தை உராய்ந்து எடுக்கிறது. வீட்டில் வெள்ளி விளக்கை விபூதியால் துலக்குகிறோமே, அதே தத்துவம். ஆனால் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் முலாமும் அணுவளவு தேய்கிறது. ஆகவே வாரம் தவறாமல் செய்யும் வேலை அல்ல இது. எவ்வளவு தேய்த்தாலும் இலேசான மஞ்சள் சாயல் நின்றால், குரோமியம் போய் அடியிலுள்ள நிக்கல் தெரிகிறது என்று கொள்ளலாம். பிறகு மறு முலாம்தான் வழி.

துருப்புள்ளிகளுக்கு நம் கடையிலேயே ஒரு நல்ல சரக்கு இருக்கிறது: உணவு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள். ஒரு துண்டைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு கருப்புக் குழம்பாகக் கரைந்து வரும். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது. எனவே கீறல் விழாது.

கம்பி நார், உப்புத்தாள், பாத்திரம் துலக்கும் சொரசொரப்பான தூள் மூன்றும் கீறிவிடும். புளி பித்தளைக்கும் செம்புக்கும் கைகண்ட மருந்து. குரோமின் நீலத்தை அது தொடாது. கழுவாமல் விட்டால் முலாமின் வெடிப்பில் இறங்கித் துருவுக்கு வழிசெய்யும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அதிலுள்ள குளோரின் உலோகத்தைக் குழி குழியாக அரிக்கும். "ஆசிட் போதவில்லை, பிளீச்சிங்கும் சேர்த்துப் போடலாமா?" என்று யாராவது கேட்டால் உடனே தடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது உயிரையே பறிக்கும்.

ஆசிட் விஷயத்தில் நமக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, அமிலத்தைச் சில்லறையாக விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கும் அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்து, எதற்காக வாங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கவே கூடாது. கையிருப்பையும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். "குழாய் துடைக்க" என்று வருபவரிடம் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருப்பதைவிட, மெட்டல் பாலிஷ் டப்பாவை எடுத்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் சுலபம். லாபமும் அதில்தான் கொஞ்சம் கூடுதல்.

புதுக் குழாய் மாட்டுபவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்பலாம். முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கும் கைரேகையும் இல்லாமல் குழாயைத் துடைத்துவிட வேண்டும். மெக்கானிக்கின் விரல் தடம் சூட்டில் வெந்து பதிந்துவிட்டால், பாலிஷ் போட்டாலும் சுலபத்தில் போகாது.