மென்பொருளைக் கட்டடம் போல வாங்கும் அரசு

புது தில்லி: வருமான வரித் துறையின் புதிய இணையதளம் திறக்கப்பட்டு இரண்டரை மாதங்களாகியும் ஏன் சீராகவில்லை என்று விளக்கம் கேட்டு, இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக்கை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நேரில் வரவழைத்தார். செப்டம்பர் 15-க்குள் குறைகளைக் களைய வேண்டும் என்று கெடுவும் விதித்தார். மென்பொருள் நிறுவனத்தின் தலைவரை நிதியமைச்சரே அழைத்துக் கேட்க நேர்வது தலைநகரில் வழக்கமான காட்சி அல்ல.

இத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2019 ஜனவரியில் சுமார் ரூ.4,242 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. வரிக் கணக்கைப் பரிசீலிக்க ஆகும் காலம் 63 நாள்களிலிருந்து ஒரே நாளாகக் குறையும் என்பது அன்றைய வாக்குறுதி. 2021 ஜூன் முதல் வாரத்தில் பழைய தளம் மூடப்பட்டது. 7-ஆம் தேதி புதியது திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே கோளாறு. 700-க்கும் அதிகமான மின்னஞ்சல்களில் 2,000-க்கும் மேற்பட்ட குறைகள் சுட்டிக்காட்டப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அதற்குள் 5.89 கோடி கணக்குகள் தாக்கலாயின என்பதையும் சொல்லியாக வேண்டும். தளம் தேறிவிட்டது, ஆனால், அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது.

தனியாரிடம் ஒப்படைத்தாலே இப்படித்தான் என்று கூறிவிட முடியாது. டிசிஎஸ் நிறுவனத்துக்கு 2008-இல் வழங்கப்பட்ட பாஸ்போர்ட் சேவா திட்டம் ஒரே நாளில் நாடெங்கும் திறக்கப்படவில்லை. 2010 மே மாதம் பெங்களூரில் தொடங்கி, கர்நாடகத்திலும் சண்டீகர் வட்டாரத்திலும் சில மையங்களில் மட்டும் முதலில் நடத்திப் பார்த்தனர். மின்னணு அமைச்சகத்தின் தரச் சான்றிதழ் பிரிவு சோதித்துச் சான்றளித்த பிறகே மற்ற ஊர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. 77 மையங்களும் முழுமை பெற 2012 ஆயிற்று. சென்னையில் சாலிகிராமத்துக்கோ தாம்பரத்துக்கோ சென்றவர்கள் அறிவார்கள்: 'ஏ' கவுண்டரில் ஆவணங்களைப் பதிவு செய்பவர் நிறுவன ஊழியர், 'பி', 'சி' கவுண்டர்களில் சரிபார்த்து முடிவெடுப்பவர்கள் அரசு அதிகாரிகள். இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் குறை எதுவாயினும் அன்றே தெரிந்துவிடும். நிறுவனத்துக்குப் பணம் கிடைப்பதும் விண்ணப்பக் கணக்கில்தான். 2022-இல் இரண்டாம் கட்டமும் அதே நிறுவனத்துக்கே போனது.

மென்பொருள் துறையினர் 'அஜைல்' என்று அழைப்பது ஏறத்தாழ இதைத்தான். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்களின் அறிக்கையால் பெயர் பெற்ற முறை அது. முழுவதையும் எழுதி முடித்து ஒப்படைக்காமல், சில வாரங்களுக்கு ஒரு பகுதியை முடித்து, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்திக்கொண்டே செல்வார்கள். வாங்குபவரும் கூடவே இருந்தாக வேண்டும். சிறுசேரியிலும் தரமணியிலும் அமர்ந்து அயல்நாட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்களுக்கு இது பழகிய நடைமுறை. சொந்த நாட்டு அரசுக்கு எழுதும்போதுதான் வேறு விதி.

லோதி ரோட்டுக்கு இது தெரியாததல்ல. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இயங்கும் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனும், தேசியத் தகவலியல் மையத்தின் தலைமையகமும் அங்குள்ள சிஜிஓ வளாகத்தில்தான் உள்ளன. அரசுக் கணினித் திட்டங்களுக்கு 2018-இல் வகுத்த கட்டமைப்பு நெறிக்கு அஜைல் வடிவம் ஒன்றையும் அமைச்சகமே பின்னர் வெளியிட்டது.

தடை கோப்பில்தான் இருக்கிறது. எல்லாத் தேவைகளையும் டெண்டரிலேயே பட்டியலிட்டாக வேண்டும். நடுவில் ஒன்றை மாற்றினால் அது 'கூடுதல் பணி'. அதற்குக் கூடுதல் தொகை, நிதிப் பிரிவின் ஒப்புதல், பிறகு தணிக்கைக் கேள்வி. கட்டடத்துக்கு இது சரி. பாதி எழும்பிய பிறகு தூணை நகர்த்தச் சொல்பவர் இல்லை. ஆண்டுதோறும் நிதி மசோதாவில் மாறும் வரிச் சட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? கையெழுத்திடத் தயங்கும் அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிபிஐ தலைமையகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்முதல் விதிகளை ஓரளவு தளர்த்தியது. உரிய அதிகாரி அனுமதித்தால், ஆலோசனைப் பணி அல்லாத சேவைகளிலும் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் வழங்கலாம். அதற்கான உச்சவரம்பு 30 சதவீதம். மீதி 70, விலைக்குத்தான்.