கூரையில் ஒரு குழாய்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் செல்பவர்கள், தொப்பூர்க் கணவாயைக் கடந்த பிறகு நல்லம்பள்ளியைக் காண்பார்கள். ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பழைய ஓட்டு வீடு ஒன்றின் சமையலறைக் கூரையில், சாம்பல் நிறக் குழாய் ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அதன் தலையில் ஒரு சிறு தொப்பி. உள்ளே சென்று பார்த்தால், குழாயின் அடியில் அடுப்பு இல்லை. ஒரு மூலையில் நெல் மூட்டைதான் இருந்தது.

“இது என்ன குழாய், ஆயா?” என்று கேட்டேன்.

“அது பொகையில்லா அடுப்புக்கு வெச்சது கண்ணு. கவர்மெண்டுல வந்து கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு மூணு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பொக வூட்டுக்குள்ளயே வந்துருச்சு. இடிச்சுப் போட்டோம்.”

மாணவ நண்பர்களே, இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 1983-ஆம் ஆண்டு மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. முதலில் செயல்விளக்கமாகத் தொடங்கிய அது, விரைவில் நாடு முழுவதும் பரவி, 2002 வரை நடந்தது. அதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. செலவில் பாதியோ அதற்கு மேலோ அரசின் மானியம். மீதியை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். வீடுகளில் எரிபொருளைச் சேமிக்க அரசு பணம் கொடுத்த பெரிய முயற்சிகளுள் இதுவும் ஒன்று. அப்படியிருக்க, ஆயா வீட்டு அடுப்பு ஏன் இடிக்கப்பட்டது? இதற்கு விடை காண, முதலில் விறகு எரிவதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம். (தருமபுரி வட்டாரம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 98 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.) 28 டிகிரியிலிருந்து 98 டிகிரி வரை, அதாவது 70 டிகிரி உயர்த்த 3 × 70 = 210 கிலோ கலோரி வெப்பம் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி அடங்கியுள்ளது. அப்படியானால் 50 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான விறகு, ஒரு கைப்பிடிச் சுள்ளி, போதுமல்லவா? ஆனால் வீட்டில் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். மூன்று கல் அடுப்பில் அரை கிலோவாவது ஆகும் என்பார். பத்தில் ஒரு பங்கு வெப்பமே பானைக்குள் செல்கிறது. இதைத்தான் வெப்பத்திறன் 10 சதவிகிதம் என்கிறோம்.

மீதி ஒன்பது பங்கு எங்கே போயிற்று? தீயைச் சுற்றிலும் திறந்தவெளி. ஆகவே வெப்பம் நாலா பக்கமும் கதிர்வீச்சாகப் பரவுகிறது. காற்று வீசினால் சுவாலை பானையைத் தொடாமலே சாய்ந்துவிடுகிறது. விறகு ஈரமாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். அப்போதே வெட்டிய விறகில் ஒரு கிலோவுக்கு 400 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆவியாக்கி விரட்டவே 240 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். நம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிட இது அதிகம்!

அடுத்தது புகை. விறகு கட்டையாகவே எரிவதில்லை. சூடானதும் அதன் எடையில் பெரும்பகுதி வாயுக்களாக வெளியேறுகிறது. அந்த வாயுக்கள்தாம் சுவாலையாக எரிகின்றன. அவை முழுவதும் எரியப் போதிய காற்றும், 600 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரியாமலே தப்பிச் செல்கின்றன. அதுவே புகை. அதாவது புகை என்பது எரியாத எரிபொருள். கண்ணைக் கரிக்கும் நுண்துகள்களும் நிறமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் அதில் இருக்கின்றன. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தனர். அதுவரை காற்று மாசு என்றாலே ஆலைப் புகைபோக்கிகளைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். சமையலறையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

புகையில்லா அடுப்பு என்ற கருத்து அதற்கு முன்பே இருந்தது. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே இத்தகைய அடுப்பைப் பரப்ப முயன்றார். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கப்பட்ட ‘அஸ்திரா’ என்ற கிராமத் தொழில்நுட்பக் குழு, மூன்று பானைகளுக்கான ‘அஸ்திரா ஒலெ’யை உருவாக்கியது. ‘ஒலெ’ என்றால் கன்னடத்தில் அடுப்பு. நம் ‘உலை’யின் உறவுக்காரச் சொல். ஆய்வுக்கூடத்தில் அதன் திறன் 30 சதவிகிதத்தைத் தாண்டியது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒற்றைப் பானை, இரட்டைப் பானை அடுப்புகளை வடிவமைத்தது. மானியம் பெற வேண்டுமானால் மண்ணால் கட்டிய நிலையான அடுப்பு குறைந்தது 20 சதவிகிதத் திறன் காட்ட வேண்டும் என்பது அரசின் விதி. பழைய அடுப்பைப்போல் இரண்டு மடங்கு.

இவற்றின் அமைப்பு எளியது. தீயைச் சுற்றிச் சுவர். அதனால் கதிர்வீச்சு வீணாவதில்லை. விறகுக்கு அடியில் காற்று புகச் சல்லடைக் கம்பி. முதல் பானையைத் தொட்ட சூடான வாயு, ஒரு பள்ளத்தின் வழியே இரண்டாம் பானையின் அடியையும் தொட்டுவிட்டுப் புகைபோக்கிக்குச் செல்லும்.

புகைபோக்கி எப்படி இழுக்கிறது? சூடான காற்று லேசானது என்று படித்திருக்கிறீர்கள். 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.16 கிலோ எடையுள்ளது. 150 டிகிரி வாயுவோ சுமார் 0.83 கிலோதான். இரண்டரை மீட்டர்க் குழாயில் இந்த வேறுபாடு உண்டாக்கும் அழுத்தம் 8 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு மெலிந்த விசையை நம்பித்தான் முழு அடுப்பும் இயங்குகிறது.

ஆயா வீட்டு அடுப்பின் நோயை இப்போது கண்டுபிடித்துவிடலாம். உள்விட்டம் 7.5 சென்டிமீட்டர் உள்ள குழாயில் உட்சுவர் எங்கும் ஒரு சென்டிமீட்டர் கரி படிந்தால் விட்டம் 5.5 ஆகிவிடும். பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இழுப்பு சாக, புகை வந்த வழியே திரும்புகிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது கரியைத் தட்டியிருந்தால் போதும். ஆனால் ஓட்டின் மேல் யார் ஏறுவது? கட்டிய கொத்தனாருக்கு அடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்தது. திரும்பி வந்து பார்க்க யாரும் கூலி தரவில்லை. அரசுக் கணக்கிலும் கட்டிய அடுப்பே எண்ணப்பட்டது. எரிகிற அடுப்பு எண்ணப்படவில்லை. இது என் கருத்தில் திட்டத்தின் மிகப் பெரிய குறை.

வேறு இடர்களும் இருந்தன. அடுப்பின் துளையில் ஒரே அளவுப் பானைதான் பொருந்தும். நல்லம்பள்ளிப் பக்கத்து வீடுகளிலோ கேழ்வரகுக் களி கிண்டப் பெரிய பானை வேண்டும், அதை அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். பருத்த புளியங்கட்டை நுழைவதற்காக அடுப்பின் வாயை அகலப்படுத்தினால் குளிர்ந்த காற்று மிகுதியாகப் புகுந்து, கஷ்டப்பட்டுப் பெற்ற திறன் போய்விடும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் மூன்று கல் அடுப்பே 15 சதவிகிதத்தைத் தாண்டும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே கெட்டுப்போன புது அடுப்பு, நல்ல பழைய அடுப்பிடம் தோற்றுப் போவதில் வியப்பில்லை.

ஒடிசாவில் 44 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இதையே காட்டிற்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் அவருடைய தோழர்களும் 2012-இல் வெளியிட்டது அது. முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு, பழுது பார்ப்பாரின்றி, அந்த நன்மை மறைந்தது. சீனா வேறு வழியில் சென்றது. 1982-இல் தொடங்கி, பத்தாண்டுகளில் பத்துக் கோடிக்கு மேல் அடுப்புகள் அமைத்தது. அங்கே வீட்டுக்காரரே பெரும்பங்குச் செலவை ஏற்றார். அரசுப் பணம் பயிற்சிக்கும் சோதனைக்கும் சென்றது. சல்லடை, கதவு போன்ற முக்கிய உறுப்புகளைப் பட்டறைகளில் அளவு தவறாமல் செய்தார்கள்.

நம் நாட்டில் மானியம் பின்பு சமையல் வாயுப் பக்கம் திரும்பியது. தமிழ்நாடு அரசு 2007-இல் ஏழைகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. வாயு அடுப்பின் திறன் 68 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. புகையும் இல்லை. ஆனால் உருளை தீர்ந்தால் மறு உருளைக்குப் பணம் வேண்டும். வேலிக்காத்தான் சுள்ளிக்கோ துவரை மாருக்கோ காசு வேண்டாம். ஆயா வீட்டிலும் சமையல் வாயுவில்தான். குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில், மூன்று கல்லின் மேல் காய்கிறது.

அந்தக் கொல்லை அடுப்பை நீங்களே அளந்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். விறகை எடை போடுங்கள். தண்ணீரை லிட்டர்க் கணக்கில் ஊற்றி அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொதித்ததும் தீயை அணைத்து, எரியாமல் மிஞ்சிய விறகைக் கழித்துவிடுங்கள். தண்ணீர் பெற்ற வெப்பத்தை, எரிந்த விறகின் வெப்பத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மறுநாள் அதே அடுப்பின் மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். கூரையில் பழைய குழாய் இருந்தால் அதை மட்டும் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அக்காலத்துக் குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.