நெஞ்சில் கேட்கும் நல்ல மூச்சு

வைத்தியர் முதுகில் குழாயை வைத்து, "வாயைத் திறந்து, இழுத்து மூச்சு விடுங்கோ" என்பது நாமெல்லோரும் அறிந்ததே. அங்கே அவர் எதைக் கேட்கிறார் என்பதை அறிந்தோர் எம்மிடையே குறைவு. நல்ல சுவாசப்பையின் ஒலி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றதா என்றே அவர் முதலில் பார்க்கிறார்.

ஸ்ரெதஸ்கோப் எனும் இக்கருவி 1816 இல் பாரிஸ் நகரில் பிறந்தது. ஒரு பெண் நோயாளியின் மார்பிலே காதை வைக்கத் தயங்கிய லெனெக் என்ற வைத்தியர், கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். வெறுங்காதை விட அது தெளிவாகக் கேட்டது. கூச்சத்தினால் வந்த கருவி என்பதால், எமது பெண்கள் அதன் முன் கூச்சப்படுவதை நாம் குறை சொல்வதற்கில்லை.

தொண்டைக் குழியின் கீழே குழாயை வைத்தால், மூங்கிற் குழலில் ஊதுவது போல உரத்த, கரடான ஒலி கேட்கும். உள்மூச்சு முடிந்து சிறிது இடைவெளி. பின்பு வெளிமூச்சு நீளமாக வரும். முதுகின் கீழ்ப்பகுதியிலோ அதே மூச்சு, மர இலைகளில் இளங்காற்றுப் படுவது போல மெல்லென்று கேட்கும். உள்மூச்சு முழுவதும் கேட்கும். வெளிமூச்சு இடைவெளியின்றித் தொடங்கி விரைவில் அடங்கிவிடும். காற்று நிறைந்த சுவாசப்பை பஞ்சு மூட்டை போல ஒலியின் உரப்பைக் குறைத்துவிடுவதே இதற்குக் காரணம்.

இரண்டும் நல்ல ஒலிகளே. ஆனால் இடம் மாறக்கூடாது. முதுகின் கீழே தொண்டைக் குழியின் ஒலி கேட்டால், அங்குள்ள காற்றறைகள் நிரம்பிக் கெட்டியாகிவிட்டன என்று வைத்தியர் ஐயுறுவார். நியூமோனியாவில் இவ்வாறு நேரும். ஒரு பக்கம் ஒலியே குன்றினால் நீர் கட்டியிருக்கலாம். வலமும் இடமும் மாறி மாறிக் கேட்பது இதனை ஒப்பிடவே. சிறுபிள்ளைகளின் நெஞ்சுச் சுவர் மெல்லியதாகையால் அவர்களின் மூச்சு உரத்துக் கேட்கும், அது நோயன்று.

2009 இல் செட்டிக்குளம் முகாம்களில் இருந்தது போன்ற சனநெரிசலில் இவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிப்பது கடினம். ஆகவே, பரிசோதிக்கும்போது பேசாதிருங்கள். சட்டையைச் சற்று உயர்த்துங்கள். துணி உரசும் ஒலி நோயின் ஒலி போலக் கேட்கும். வாயால் ஆழமாக, ஆனால் மெதுவாக மூச்செடுங்கள். தலை சுற்றினால் சொல்லுங்கள்.

"நெஞ்சு சுத்தமாயிருக்கு" என்று சொல்லக் கேட்டதும் இருமலை மறந்துவிடவும் கூடாது. காசநோய் இருந்தும் மூச்சொலி சரியாகக் கேட்பதுண்டு. சூடடிப்புத் தூசியென்று எம்மவர் தள்ளிவிடும் இருமல் இரண்டு வாரம் நீடித்தால், சளியைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

குழாய் இல்லாத வீட்டிலும் தாய்மார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இருமலுள்ள பிள்ளை அழாமல் இருக்கும்போது, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.