கல்லுக்குள் ஒளிந்த வெள்ளி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நான் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா தம் வெள்ளிக் கொலுசை அடகு வைத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கடைக்காரர் கொலுசை உரசிப் பார்த்து, "கலப்பு அதிகம்" என்று விலையைக் குறைத்தார். வெள்ளியைக் கலப்பிலிருந்து பிரிப்பது எத்தனை பெரிய வேலை என்பது வேதியியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

வெள்ளி தனி உலோகமாகக் கிடைப்பது அரிது. ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் தாதுக்களில் அது ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. நம் நாட்டு வெள்ளியில் பெரும்பகுதி இராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. அங்குள்ள இராஜ்புரா தரீபாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள்.

சயனைடு முறை

1887-இல் ஸ்காட்லாந்தில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் தங்கத்துக்காகக் கண்ட முறை வெள்ளிக்கும் பயன்படுகிறது. அரைத்த தாதுவைச் சோடியம் சயனைடு கரைசலில் இட்டுக் காற்றைச் செலுத்தினால் வெள்ளி கரையும். அக்கரைசலில் துத்தநாகத் தூளைச் சேர்த்தால் வெள்ளி படியும். சயனைடு கொடிய நஞ்சு. கரைசல் அமிலமானால் உயிர்கொல்லும் வாயு எழும். ஆகவே சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் காப்பார்கள்.

கடினத் தாது

மட்டையோடு தேங்காயைத் தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் பருப்பு நனையுமா? இரும்புக் கந்தகக் கல்லுக்குள்ளோ மாங்கனீசு ஆக்சைடுக்குள்ளோ அடைபட்ட வெள்ளியையும் சயனைடு தொட முடியாது. முதலில் மட்டையை உரிக்க வேண்டும். மாவாக அரைப்பது ஒரு வழி. கந்தகத் தாதுவை உப்பிட்டு வறுத்து, வெள்ளிக் குளோரைடாக மாற்றுவது இன்னொரு வழி. ஆனால் வறுக்கும்போது கந்தக டையாக்சைடு புகை எழும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்காவிட்டால் ஊர்க் காற்று கெடும்.

ஈயத்தின் துணை

ஈயத் தாதுவை உருக்கினால் வெள்ளி ஈயத்தோடு வரும். 1850-இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் அதைப் பிரிக்க வழி கண்டார். உருகிய ஈயத்தில் துத்தநாகத்தைச் சேர்த்தால், வெள்ளி ஈயத்தை விட்டுத் துத்தநாகத்தில் புகுந்து ஏடாக மிதக்கும். ஏட்டை எடுத்துச் சூடேற்றினால் துத்தநாகம் ஆவியாகும். மீந்த ஈயத்தைக் காற்றூதி ஆக்சைடாக்கி நீக்கினால் வெள்ளி தங்கும். ஈயம் சேர்த்து வெள்ளியைச் சுத்தம் செய்வது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே உண்டு.

இத்தனை நெருப்பையும் நஞ்சையும் தாண்டி வந்ததே நாம் அணியும் வெள்ளி. அம்மாவின் கொலுசு இன்னும் அடகில்தான் இருக்கிறது. கலப்பு அதிகமாயினும் அதை நான் மீட்டே தீர வேண்டும்.